குளம் நிறைந்த ஆடிப்பெருக்கு

தரைக்கடியிலிருக்கும் கார் நிறுத்தத்தில் இறங்கியதும் சேற்று மணம் அடித்தது, கால் பரபரத்தது. தில்லி சரோஜினி நகரில், என் சிறுவயதில் எங்கள் அரசு குவார்ட்டர்ஸ் இருந்த இடம்தான் இது. அப்போது நடுவே குப்பை கொட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. கைப்பம்பு வற்றிய கோடையில் பஞ்சாபிகள், வங்காளிகள், தமிழர்கள் எல்லாரும் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு இறங்கி அதைத் தூர்வாரி, மொட்டைமாடித் தண்ணீரெல்லாம் அங்கே சேரும்படி வாய்க்கால் வெட்டிவிட்டு, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் மழைகளைப் பள்ளம் சுவடில்லாமல் குடித்துவிட்டது.

ஆடிப் பதினெட்டன்று கொட்டிய மழையில் அம்மா குடையில்லாமல் ஓடிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்: "ஏங்க, ஜல்தி வாங்க, தண்ணி நிக்குது."

தில்லிக்கு வந்ததிலிருந்து சமையலறைக் குழாயடியிலேயே ஆடிப்பெருக்கைக் கும்பிட்டுவந்த கும்பகோணத்துக்காரி, அன்று தூக்குச்சட்டி நிறையப் புளிசாதத்தோடு கரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி பூரியோடு வந்தார். அந்தக் கலங்கல் தண்ணீரில் நாங்கள் பூ விட்டோம், தவளைகள் கத்தித் தீர்த்தன. அடுத்த கோடையில் கைப்பம்பு வற்றவில்லை.

குளத்தை மூடித்தான் இந்தக் கட்டடம் எழும்பியது. எத்தனை மோட்டார் போட்டாலும் மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் ஊறிவிடுகிறது என்று காவலாளி இந்தியில் சலித்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மூலையில் தேங்கியிருந்த அந்தத் தண்ணீரில் இறங்கினேன்.