சொந்தமில்லாத இரண்டு பேர்

மரியகொறற்றி வேலை செய்யும் அரசாங்கத் திணைக்களத்துக்கு ஒரே வேலைதான். நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்து எங்கே கிடக்கிறது என்று பார்த்து, இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அனுப்புவது. முன்பு தொலைபேசியில் தொண்டை கிழியக் கத்திச் செய்ததை இப்போது கிளவுட்டில் செய்கிறார்கள். கொழும்பில் ஒரு சேர்வர் கூடம், மலைநாட்டில் இன்னொன்று; ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். அது விழாமல் இருக்கவும், விழுந்தால் எழும்பவும், களவு போகாமல் இருக்கவும் விதிகள் எழுதுவதும், மற்றவர்கள் அவற்றைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பின்னால் திரிவதும் மரியகொறற்றியின் உத்தியோகம். சம்பளம் தராவிட்டாலும் அதைச் செய்திருப்பாள்.

நம்பாதவர்கள் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அவளுடைய வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் திறப்பு அவளிடம், மற்றது புருஷன் ஒஸ்வால்டிடம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த அந்த மனுஷன், ஒரு சாரம் எடுப்பதற்காக மனைவி வேலையால் வரும்வரை ஈரத்துவாயோடு காத்திருந்த நாட்களும் உண்டு. "என்ர சாரத்தை ஆரப்பா களவெடுக்கப் போறான்?" என்று கேட்டால், "விதி எண்டால் விதி" என்பாள்.

கிளவுட்டிலும் இதே கதைதான். எல்லாம் குழம்பிப்போனால் உள்ளே நுழைய ஓர் அவசரத் திறப்பு உண்டு. இரும்புத் திறப்பல்ல, ஒரு நீளமான ரகசியச் சொல். அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுத்துவைப்பார்கள். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். அந்த இருவரும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்பது வெளிநாட்டுக்காரன் எழுதிய விதி. வெளிநாட்டுக்காரனுக்குச் சொந்தம் என்றால் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது போதுமா? மச்சான், சகலன், சம்பந்தி, ஞானத்தாய், ஞானத்தகப்பன், கலியாணம் பேசி நிச்சயமானவர்கள் என்று அவள் சேர்த்துக்கொண்டே போனாள். விதிப் புத்தகத்தில் பிரிவு பதினான்கு ஒன்றரைப் பக்கம் வந்தது இப்படித்தான்.

எழுதிவிட்டு ஆள் தேடினால் ஆளில்லை. திணைக்களத்தில் கணினி தெரிந்தவர்களில் ஒருவன் மற்றவனின் சகலன். ஒருத்தி மற்றவளின் பிள்ளைக்கு ஞானத்தாய். சலித்துச் சலித்துப் பார்த்ததில் கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் வலையமைப்புப் பகுதியில் இருந்த வெள்ளவத்தைப் பெடியன் பிறெடி. மற்றவள் தரவுப் பகுதியில் இருந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை ரொஷேல்.

மரியகொறற்றிக்குப் பைலில் இருப்பது போதாது. சாறியை ஒழுங்காக உடுத்துக்கொண்டு, கைப்பையோடு பிறெடி குடியிருந்த ஒழுங்கைக்கே போனாள். கடைக்காரரிடமும் பக்கத்து வீடுகளிலும், "பெடியன் குடிக்கிறவரோ? கடன் கிடன் இருக்கோ? தாயின்ர ஆக்கள் எந்த ஊர்? கோயிலுக்கு ஒழுங்கா வாறவரோ?" என்று விசாரித்தாள். ரொஷேலின் ஒழுங்கையிலும் அதே கேள்விகள். அரச ரகசியம் என்பதால், எதற்குக் கேட்கிறாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய மனுஷி ஒருத்தி கலியாண வயதுப் பிள்ளைகளைப் பற்றி இப்படிக் கேட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு போனால் சனம் என்ன நினைக்கும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

இரண்டு பேரும் தேறினார்கள், ஆளுக்குப் பாதித் திறப்பு கிடைத்தது. பிறெடி வெள்ளை என்றால் ரொஷேல் கறுப்பு என்பாள். வருடாவருடம் வந்து எல்லாவற்றையும் சோதித்து சேர்டிபிகற் தரும் ஒடிற்றர் நிஹ்லா, இவர்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "இவங்க ரெண்டு பேரும் சேந்து களவெடுக்கிறதா? சேந்து ஒரு தேத்தண்ணியே குடிக்க மாட்டாங்களே" என்று சிரித்தாள். மரியகொறற்றிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்த வருடம் ஒடிற்றுக்கு முந்திய ஞாயிறு, பூசையின் முடிவில் பாதர் கலியாண ஓலை வாசித்தார். நடக்கப்போகும் கலியாணங்களைச் சபையில் அறிவித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்கும் வழக்கம் அது. கொட்டாஞ்சேனை ரொஷேலுக்கும் வெள்ளவத்தை பிறெடிக்கும் என்று காதில் விழுந்ததும் மரியகொறற்றி எழும்பிவிட்டாள். ஒஸ்வால்ட் சாறியைப் பிடித்து இழுத்து இருத்தினார். பூசை முடிந்த கையோடு பாதரின் அறை வாசலில் நின்றாள்.

"பாதர், தடை இருக்கு."

"இரத்த உறவோ?"

"இல்லை பாதர். எத்தினை தலைமுறை போனாலும் இல்லை. நானே பாத்தனான்."

"ரெண்டு பேரில ஆருக்கும் முதலே கலியாணம் முடிஞ்சுதோ?"

"இல்லை. அதையும் பாத்தனான்."

"குடி, கடன், பொலிஸ் கேஸ்?"

"ஒண்டுமில்லை. ரெண்டும் தங்கமான பிள்ளையள்."

"அப்ப என்ன தடை?"

"பிரிவு பதினாலு, பாதர்."

பாதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு விளங்கேல்லை. இந்தக் கலியாணத்தைப் பேசினதே நீங்கள்தான் எண்டெல்லோ கொன்ஸ்ரன்ஸ் சொன்னவ?"

கொன்ஸ்ரன்ஸ் ரொஷேலின் தாய். நடந்தது இதுதான். மகளைப்பற்றி நல்ல சாறி உடுத்த புரோக்கர் மனுஷி ஒருத்தி விசாரித்துவிட்டுப் போனதாக ஒழுங்கை முழுக்கக் கதை. மாப்பிள்ளை வீட்டாரைக் கொண்டு திரும்பி வருவாள் என்று கொன்ஸ்ரன்ஸ் மாதக்கணக்காகப் பார்த்திருந்தாள். வரவில்லை. அந்த நேரத்தில்தான், இதே மனுஷி வெள்ளவத்தையில் ஒரு பெடியனையும் விசாரித்தாள் என்று அங்கே இருக்கும் மச்சாள் சொன்னாள். பிறகென்ன, இவர்களே நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டார்கள். ரொஷேலும் பிறெடியும் அதற்குப் பிறகுதான் சண்டையை விட்டுக் கதைக்கவே தொடங்கினார்களாம்; அந்த மனுஷி தங்கள் ஒபிஸ் மிஸ்தான் என்று கண்டுபிடித்ததும் அப்போதுதானாம்.

திங்கட்கிழமை இருவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். "மிஸ்தானே பேசினது. அப்ப விதியில ஏதோ வழி வச்சிருப்பீங்கள் எண்டு நினைச்சம்" என்றான் பிறெடி. ரொஷேல் தலையாட்டினாள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை மரியகொறற்றி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

திணைக்களத் தலைவரான பணிப்பாளர் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். "ஒடிற் வியாழக்கிழமை. சேர்டிபிகற் போச்செண்டா மேலிடம் கிளவுட்டை நிப்பாட்டிப்போடும், பழையபடி டெலிபோன்தான். ஓலை வாசிச்சது கோயிலில. நிஹ்லா கோயிலுக்கு வாறவ இல்லை. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் மிஸ், சும்மா இருந்தாப் போதும்."

மரியகொறற்றிக்குப் பயம் பிடித்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து கிடக்க, அது தெரியாமல் நோயாளியைக் கொழும்புக்கு ஏற்றிய அந்தத் தொலைபேசிக் காலத்தை அவள் கண்டவள். வீட்டில் ஒஸ்வால்டும் தன் பங்குக்குத் தொடங்கினார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சனம் சொல்லுது. உன்னை ஒரு பொய்கூடக் கேக்கேல்லையேயப்பா."

"நான் ஒரு பொய்யும் சொல்லாம ஒரு கலியாணத்தைச் செய்துவச்சிட்டன்" என்றாள் மரியகொறற்றி. "அதுதான் இப்ப பிரச்சினை."

வியாழக்கிழமை நிஹ்லா கதிரையில் இருக்குமுன்னே சொல்லிவிட்டாள். "பிரிவு பதினாலு மீறப்பட்டிருக்கு. காரணம் நான்." ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்ததிலிருந்து ஓலை வரை ஒன்றும் விடாமல் சொன்னாள். பணிப்பாளர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஹ்லா முதலில் உதட்டைக் கடித்தாள், பிறகு பைலால் முகத்தை மூடினாள், பிறகு தண்ணீர் கேட்டாள்.

சேர்டிபிகற் தப்பிவிட்டது. தவறை மறைக்காமல் தாங்களே சொன்னதால் பாதகமில்லை, இருவரில் ஒருவர் திறப்பை ஒப்படைத்தால் போதும் என்றாள் நிஹ்லா. "நான் விடுறன்" என்றான் பிறெடி. "ஏன், நான் விட்டா என்ன?" என்றாள் ரொஷேல். கொஞ்ச நேரத்தில் பழைய சண்டை நல்லபடியாகத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒடிற் அறிக்கையில் ஏதாவது எழுதத்தானே வேண்டும். ஆட்களை எடைபோடும் ஆற்றல் இந்த உத்தியோகத்தருக்குப் போதாது, திறப்புக்கு ஆள் தெரிவுசெய்யும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. நியாயமான வசனம்தான். இருந்தாலும் மரியகொறற்றிக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

ஞாயிறு பின்னேரம் கொன்ஸ்ரன்ஸ் லவ் கேக் பெட்டியோடு வந்தாள். மரியகொறற்றி கதவைத் திறந்தவுடனேயே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். தான் புரோக்கர் இல்லை, யாருக்கும் கலியாணம் பேசவில்லை, எல்லாம் ஒபிஸ் விஷயம் என்றாள்.

"எல்லாம் பிள்ளை சொன்னவள் அக்கா" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "உங்களுக்கு ஆக்களை எடைபோடத் தெரியாதெண்டும் எழுதிப்போட்டினமாம். அக்கா, நான் புருஷன் இல்லாதவள். பெடியனைப்பற்றி விசாரிக்க எனக்கு ஆம்பிளைத் துணை இல்லை. நான் வேற ஒருத்தரிட்டயும் போய்க் கேக்கேல்லை. நீங்கள் விசாரிச்சுச் சரியெண்டு கண்ட பெடியன் எண்டுதான் என்ர ஒரே பிள்ளையைக் குடுக்கிறன். நீங்கள்தான் கோயிலில சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும்."

மரியகொறற்றி சாறித் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், மறுபடி கண்ணைத் துடைத்தாள். ஒரு சேர்டிபிகற்றும் அவளை இப்படிச் சந்தோஷப்படுத்தியதில்லை. பிறகு நிமிர்ந்து இருந்தாள்.

"மற்றச் சாட்சி ஆர்?"

"ஒஸ்வால்ட் அண்ணன்தான். வேற ஆர்?"

கலியாணத்துக்கு எந்தக் கோட்டைப் போடலாம் என்று ஒஸ்வால்ட் அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

"அது சரிவராது" என்றாள் மரியகொறற்றி. "புருஷனும் பெண்சாதியும் வச்சா ரெண்டும் ஒரு கையெழுத்துத்தான். வெளியாள் வேணும்."

ஒஸ்வால்ட் கேக் வெட்டக் கத்தி எடுக்கப் போனார். கொன்ஸ்ரன்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பிறெடியின்ர பக்கத்தில நோபேட் எண்டு ஒருத்தர் இருக்கிறார்…"

"நோபேட்டோ? தாயின்ர ஆக்கள் எந்த ஊர்?" என்று மரியகொறற்றி கதிரையைக் கிட்ட இழுத்தாள். அந்தக் கேக்கை அவர்கள் சாப்பிடும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.