அடுப்பை எப்போது பற்ற வைப்பது?

என் அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் வண்டி வந்து எடுத்துப்போனது. பிள்ளைகள் படிக்கட்டும் என்று தன் உடலை அவர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். மந்திரம் இல்லை, சங்கு இல்லை, கொள்ளி இல்லை. தில்லி முனிர்காவில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் குறுகலான படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாமல் அவர்கள் திணறியபோது, "பாத்து, பாத்து, தலை இடிச்சிரும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினாள். வண்டி பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கீழேயே நின்றார்கள். அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் இங்கே வந்தோம். அவரை நாத்திகர் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். "இல்லாத ஒண்ண வச்சு ஒரு ஆளுக்குப் பேரு வைக்காதளா. எனக்கு மனுசன் மேல நம்பிக்கை இருக்குல்லா, அதச் சொல்லு" என்பார். அவர் கல்யாணத்தில் ஐயர் கிடையாது. இரண்டு பேர் பேசினார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள், சாப்பாடு போட்டார்கள். அம்மாவுக்கு அதில் ஒரே குறை, மேளம் இல்லாததுதான். அம்மாவுக்கோ முருகன் இல்லாமல் பொழுது விடியாது. அடுக்களை அலமாரியில் இருந்த முருகன் படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து பூ வாங்கி வருவது அப்பாதான். நண்பர்கள் கிண்டல் செய்தால், "பூவ முருகனுக்கா வாங்குதேன்? அவளுக்குல்லா வாங்குதேன்" என்று வாயை அடைத்துவிடுவார்.

நான் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறேன். காலை முதல் வகுப்பில் பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மானுடவாதத்தை ஊட்டுவது என் வேலை. பாடத்திட்டம் இத்தாலிய நகரங்களிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அங்கே அது முதலில் ஒரு கொள்கையே அல்ல, ஒரு படிப்பு: இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, ஒழுக்கம் என்று மனிதரைப் பற்றிய பாடங்கள். பழைய சுவடிகளைத் தேடி எடுத்துத் தூசி தட்டிய அந்த அறிஞர்கள் பெரும்பாலும் பக்தர்கள்தான். மேலிருந்து கட்டளை வர வேண்டியதில்லை, அறிவையும் ஒருவர்மேல் ஒருவருக்குள்ள அக்கறையையும் கொண்டே நல்லது கெட்டதை நாமே தீர்மானிக்கலாம் என்று ஐரோப்பாவில் வெளிப்படையாகச் சொல்லும் துணிச்சல் வர இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின.

அப்பா இந்த வரலாற்றை ஒப்புக்கொண்டதே இல்லை. "ஏன், அதுக்கு முந்தி கிரேக்கத்துல கேக்கலையா? நம்ம ஊரு உலகாயதர் கேக்கலையா?" என்று தொடங்கிவிடுவார். கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். "அந்தப் பெரிய மனுசங்க மனுசன் மனுசன்னு எழுதுனாங்களே, அதுல ஒங்கம்மா உண்டா? சேத்துல நின்ன எங்கய்யா உண்டா?" இந்தக் கேள்விக்கு வகுப்பில் நான் நீளமாகப் பதில் சொல்வேன். வீட்டில் காய் நறுக்கப் போய்விடுவேன்.

அப்பா போன மறுநாள் அம்மா என்னிடம் கேட்டது இதைவிடச் சின்னக் கேள்வி.

"ஏளா, அடுப்ப எப்பம் பத்த வைக்கது?"

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவார்கள். தகனம், காடாற்று, கருமாதி என்று ஒவ்வொன்றாக முடியும்; இனி ஆகட்டும் என்று யாரோ ஒருவர் சொல்வார்; வீடு பழையபடி ஓட ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் எதுவும் தொடங்கவில்லை, அதனால் எதுவும் முடியவும் இல்லை.

"எப்ப வேணும்னாலும் பத்த வைக்கலாம்மா."

"அப்படிச் சொன்னா எப்படிளா? ஒரு நாள் சொல்லு. நீதான படிச்சிருக்க."

நான் படித்ததில் அது இல்லை. மின்சாரக் கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ராஜ்மாவும் ரொட்டியும் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு வங்காளி அம்மா கிச்சடி கொடுத்தாள். அடுத்த பிளாக்கிலிருந்து மதுரைக்கார அக்கா இட்லி தந்தாள். வாரம் ஒன்று போனது, அடுத்ததும் போனது. நிற்பதாக இல்லை. அம்மா எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, பாதியில் எழுந்து ஹீட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் வளையல்கள் முழங்கை வரை ஏறின. இவளையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இதில் இன்னொரு சிக்கல். யார் வீட்டுப் பாத்திரத்தையும் அம்மா காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். எதையாவது செய்து, நிரப்பித்தான் கொடுப்பாள். அடுப்பு எரியாத வீட்டில் எதைச் செய்வது? ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கலாம் என்றால், "சாவு வீட்டுச் சீனிய யாருக்குளா குடுக்கது?" என்றாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் சமையல் மேடையை நிறைத்து, சாப்பாட்டு மேஜைக்கு வந்து, முருகன் படத்துக்கு முன்னாலும் ஏறிவிட்டன.

ஒரு நாள் மதியம் கீழ்வீட்டு ஆன்ட்டி பிரஷர் குக்கரையே தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு, என்னை ஓரமாக இழுத்து, "மகளே, தப்பா எடுத்துக்காதே" என்று ஹிந்தியில் கிசுகிசுத்தாள். "என் வீட்டில் இனி ஒரு பாத்திரம்கூட இல்லை. உங்களில் தேர்வீன் எப்போது?"

தேர்வீன் என்பது அவர்களுடைய பதின்மூன்றாம் நாள் சடங்கு. நாங்கள் அப்படி எதுவும் வைக்கவில்லை என்றேன். ஆன்ட்டி விழித்தாள். உங்கள் வீட்டுக் குக்கர் விசில் காதில் விழும்வரை நிறுத்தக் கூடாது என்று மூன்று வீட்டுப் பெண்களும் பேசி வைத்திருக்கிறோமே, தினமும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறோமே என்றாள்.

அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"நான் அவிய நிறுத்தட்டும்னுல்லா காத்துக் கெடக்கேன்! அவிய சோத்தத் தூக்கிட்டு வரும்போதே அடுப்பப் பத்த வச்சா, போதும் போங்கன்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும்?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாத்திரக் குவியலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். விஷயம் புரியாமலே ஆன்ட்டியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அம்மா அழுதாள், அப்பா போனதிலிருந்து முதல் தடவையாக, சத்தம் போட்டு. ஆன்ட்டி அவள் தலையைத் தன் ஸ்வெட்டரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "தேங்கா வாங்கிட்டு வா. நல்ல முத்தலாப் பாத்து. முருங்கக்காயும் இஞ்சியும் வேணும்" என்றாள். நாள் குறிக்க அவள் யாரையும் கேட்கவில்லை. நான் ஐ.என்.ஏ.வுக்கு ஆட்டோ பிடித்தேன்.

தேங்காய்ப் பால் குழம்பான சொதி வைத்தாள், கூடவே இஞ்சித் துவையல். சொதி கல்யாண வீட்டு விருந்தாயிற்றே என்று மதுரைக்கார அக்கா தயங்கினாள். "அவியளுக்குப் பிடிக்கும்" என்று அம்மா அப்பாவைச் சொன்னாள், அதோடு பேச்சு முடிந்தது. தேங்காய்ப் பால் பிழிவது எங்கள் வீட்டில் எப்போதும் அப்பாவின் வேலை. அன்று நான் பிழிந்தேன். பருப்புக்கு வைத்த குக்கர் முதல் விசில் அடித்தபோது கீழ்வீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

எல்லாப் பாத்திரங்களும் நிரம்பி அவரவர் வீட்டுக்குப் போயின. அதற்குப் பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது: அப்பா ஆபீசுக்குக் கொண்டுபோகும் டிபன் டப்பா. அம்மா அதிலும் சோறு வைத்து, சொதி ஊற்றி, மூடினாள்.

"அவியட்ட படிக்க வார பிள்ளையளுக்குக் கொண்டு குடு."

"உள்ள விட மாட்டாங்கம்மா."

"வாசல்ல காவக்காரர் இருப்பார்லா, அவர் சாப்பிடட்டும்."

போனேன். கல்லூரி வாசலில் குல்லாவும் மப்ளருமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, அப்பா இங்கேதான் இருக்கிறார், மாணவர்கள் படிப்பதற்காக, அம்மா உங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, டப்பாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சாயங்காலம் அவர் திருப்பிக் கொடுத்த டப்பா கனமாக இருந்தது. திறந்து பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மூடியைத் தூக்கினாள். சுத்தமாகக் கழுவித் துடைத்த டப்பாவில் விளிம்பு வரை வறுத்த வேர்க்கடலை, இன்னும் வெதுவெதுப்பாக.

அம்மா ஒன்றை எடுத்து உடைத்து, முதல் பருப்பை என் கையில் வைத்தாள். அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கும் ஏதாவது செஞ்சு தாரேன்" என்றாள். "கொண்டு குடு."