பாலத்தடி பாஸ் மீன்

மிஸ் வெர்னா பிடித்த மீனின் வயிற்றில், எடை கூட்டுவதற்காகத் திணித்த ஈயக்குண்டு இருந்ததாம். பெட்ரோல் பங்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. சொன்னவர் பார்த்தவரில்லை, அவருடைய மச்சானுக்கு யாரோ சொன்னார்களாம். அதற்குமேல் எனக்குக் காபி இறங்கவில்லை.

வெர்னா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கிழக்கு டெக்சாஸின் இந்தச் சிற்றூரில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். என் மகளும் அதில்தான் போகிறாள். சனிக்கிழமையானால் நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுவார். ஒட்டுப்போட்ட அலுமினியப் படகு, மூன்று தூண்டில் கழி, ஒரு பொட்டலம் அவித்த வேர்க்கடலை. வாயகன்ற பாஸ் மீனைத் தவிர வேறெதையும் மீன் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். கெளுத்தி மாட்டினால் திட்டிவிட்டுத் தண்ணீரில் விடுவார்.

போன சனிக்கிழமை நடந்த மீன்பிடிப் போட்டியில் ஒன்பது பவுண்டு பாஸ் பிடித்து முதலிடம். எடை போட்டதும் மீனை உயிரோடு ஏரியிலேயே விட்டாயிற்று. வயிற்றைக் கிழித்துப் பார்க்க இனி வழியில்லை. பரிசு, புதுப் படகு. ஆனால் ஜெயித்தவர் பொய் கண்டுபிடிக்கும் கருவியின் முன் உட்கார்ந்து தேற வேண்டும். தேறாவிட்டால் இந்த ஏரியில் எந்தப் போட்டிக்கும் ஆயுசுக்கும் சேர்க்கமாட்டார்கள். திங்களன்று சோதனை முடிந்தது. மறுநாள் ஐந்து மணிக்குள் முடிவைப் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய் நாலரைக்கு வெர்னா, ஏற்கெனவே பளபளவென்றிருந்த தன் பழைய படகை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஈயம்னு பேசிக்கிறாங்க, மிஸ் வெர்னா.”

“தெரியும் கண்ணு. சோதனை பண்ண ஆளு முதல்ல அதைத்தான் கேட்டான். இல்லேன்னேன். மிஷின் ஊசி அசையவே இல்ல.”

“அப்ப என்ன கவலை?”

“மீன் எங்க கிடைக்கும்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களான்னு கேட்டான்.” குழாயை மூடினார், திறந்தார். போட்டி வாரத்தில் இடம் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. “வெள்ளிக்கிழமை படகுத்துறையில, போட்டிக்கு வந்திருந்த ராய்ஸ் பக்கத்துல வந்து, ‘பழைய பாலத்தடியில’ன்னு ஆரம்பிச்சான். வாயை மூடுறான்னு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன். ஆனா ‘பாலம்’ காதுக்குள்ள போயிருச்சே. மீனும் அங்கதானே மாட்டுச்சு.”

“நீங்க எப்பவும் போற இடம்தானே?”

“பதினேழு வருஷமா. அதான் யாரும் சொல்லலன்னேன். சொல்லும்போதே ஊசி துள்ளுது.”

“அவங்ககிட்ட விளக்கிச் சொல்லலாமே.”

“என்னத்த விளக்க? நான் சொன்னது பொய்யா இல்லியான்னு எனக்கே தெரியல. அந்த மீனைக் கேக்கலாம்னா, விட்டுத் தொலைச்சுட்டேன்.”

படகின் இருக்கையில் கிடந்த போன் அடித்தது. போட்டிக்காரர்களின் எண். வெர்னா கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

“எடுங்க,” என்றேன்.

“நீ எடு கண்ணு. நான் குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லு.”

“அது பொய்யாச்சே, மிஸ் வெர்னா.”

அவர் குழாய்த் தண்ணீரைத் தன் தலையில் பிடித்துக்கொண்டார். போன் அடித்துக்கொண்டிருந்தது.