குளத்தில் விட்ட ஊதாப்பூச் செடி

எங்கள் தோவாளைப் பக்கத்தில் சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் போடமாட்டோம். கால்படாமல் குளத்தில் விட்டுவிடுவோம். நான் செய்த தப்பும் அங்கேதான் தொடங்கியது.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது, தன் மீன்தொட்டியில் மிதந்த ஊதாப்பூச் செடியை எனக்குக் கொடுத்தார். வீட்டுக் கல்தொட்டியில் வளர்த்துப் பூவைச் சாமி படத்துக்கு வைத்தேன். செடி தொட்டி கொள்ளாமல் பெருகியது. சாமிக்குப் பூத்த செடியாயிற்றே என்று, மிஞ்சியதைக் கூடையோடு கொண்டுபோய்க் குளத்தில் விட்டுக் கும்பிட்டும் வந்தேன்.

மறுவருஷம் குளத்தில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. செடி குளம் முழுக்க மூடி மடையையும் அடைத்துக்கொண்டது. கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காமல் என்னை மதினி முறை சொல்லும் எதிர்வீட்டு இசக்கியம்மையின் வயல் கருகிப்போனது.

"எந்தப் பாவி கொண்டு விட்டானோ! அவன் கை அழுகிப் போவாதா மைனி?" என்று என்னிடம் வந்து அழுதாள்.

"போவும் மக்கா, போவும்" என்றேன்.

இப்போது தொட்டியில் மிஞ்சுகிற எதையும் பாறையில் போட்டுச் சருகாகக் காயவைத்து எரித்துவிடுகிறேன். வாரம் ஒருநாள் குளத்தில் இறங்கிச் செடியை வாரிக் கரையேற்றுகிறேன்.

"எவனோ செய்ததுக்கு நீங்க கெடந்து கஷ்டப்படுதியளே மைனி" என்று இசக்கியம்மை மோர் கொண்டுவந்து தருகிறாள்.

நானும் வாங்கிக் குடிக்கிறேன். இதைப் பத்திரிகையில் போட்டால், தயவுசெய்து என் பெயரைப் போடவேண்டாம்.