இரண்டு விசிலுக்குக் கிளம்பிய படகு

சில பேருக்கு வேலை சட்டையோடு கழன்றுவிடும். கண்டக்டர்களுக்குக் கழலாது. திருமண வரவேற்பில் போட்டோ எடுக்க நிற்கிறவர்களைப் பார்த்து, "உள்ள நகருங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்க" என்று சொல்லக்கூடிய மனிதர் நம்முடையவர். ஒரு சாவு வீட்டிலும் இதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து டிப்போவில் அவருக்கு 'நகரு' என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவருடைய டிரைவருக்குப் பெயர் 'சடன்'. இது சமீபத்தில் வைத்தது. இருவரும் வாலிபத்தில் ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள்; வேறு யாரோடும் வேலை பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் டிரைவர் பஸ்ஸை ஓட்டினால், நின்றுகொண்டிருக்கிறவன் நின்றபடியே தூங்கலாம். போன வருஷம் திடீரென்று பிரேக்கின் மேல் அவருக்கு ஒரு காதல் வந்தது. பயணிகள் ஒருவர் மடியில் ஒருவர் போய் விழுந்தார்கள். டிப்போ முழுக்கச் சிரித்து 'சடன் பிரேக்' என்று பெயர் வைத்து, பிறகு பிரேக்கை வெட்டி 'சடன்' ஆக்கியது.

நகரு மட்டும் சிரிக்கவில்லை. டிரைவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது என்பது உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பின்பக்கப் படியில் நின்றிருந்த கண்டக்டர் ஒரு நாள் காரணம் சொல்லாமல் முன்பக்கப் படிக்கு வந்துவிட்டார். டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒரு கண்ணை ரோட்டில் வைத்தார். "இடது பக்கம் சைக்கிள்" என்பார், பயணியிடம் பேசுவதுபோல. ஸ்டாப்பில் ஆள் நிற்பது டிரைவருக்குத் தெரியாது. இவர் முன்கூட்டியே ஒரு விசில் கொடுப்பார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. மற்ற கண்டக்டர்களுக்கு விசில் தொழில். இவருக்கு அது நண்பனின் மூக்குக் கண்ணாடி.

வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை நடக்காமல் இல்லை. நடக்கும். டாக்டர் அறையில் தொங்குகிற எழுத்து அட்டைதான் எந்தக் காலத்திலும் மாறியதில்லை. அதன் கடைசி வரியை டிப்போவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். புதிதாய்ச் சேரும் டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தால் சீனியர்கள் ராகத்தோடு சொல்லித் தருவார்கள். டிரைவர் அதை ஒப்பித்துவிட்டு வந்து, "பார்வை பளிச்னு இருக்காம், மச்சான்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நகருவும் கண்ணைக் காட்டச் சொல்லி எத்தனையோ தடவை மன்றாடிப் பார்த்துவிட்டார். டிரைவர் தூசி என்பார், தூக்கமில்லை என்பார், ஒருநாள் எதிர் பஸ்ஸின் விளக்குமேல் பழி போட்டார். அப்புறம் ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். நகரு ஊதிய விசிலில் அவருக்கே காது அடைத்துப்போனது. பஸ் நின்றபோது அந்தக் குடையின் நுனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டாள். நகருவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

அப்போது ஒரு முடிவுக்கு வந்தார். டிரைவர் தானாகப் போய் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை தானே போய்ச் சொல்லிவிடுவது. முடிவு எடுப்பது சுலபம். ஆனால் டிப்போவில் திருடனோடுகூடச் சேர்ந்து டீ குடிப்பார்கள், போட்டுக்கொடுத்தவனோடு குடிக்கமாட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிரைவரின் மனைவி இவரை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நிதானமாகப் பேசிப் பார்க்கலாம் என்றுதான் அந்தச் சுற்றுலாவையே ஏற்பாடு செய்தார். சனி, ஞாயிறு, டிப்போ ஆட்களும் அவரவர் மனைவிமாரும். விளம்பரத்தில் போட்டிருந்தது: 'யார் காலடியும் படாத கடற்கரைகள், தனிமையான தீவுகள், ஏழைக்கேற்ற விலையில்.' போய்ச் சேர்ந்ததும் யார் காலடியும் ஏன் படவில்லை என்பது புரிந்தது. ஒரு மரம் கிடையாது. ராத்தங்கலுக்கு ஒரே கூடம், எல்லோருக்குமாக ஒரே குளியலறை, அதற்குத் தாழ்ப்பாள் இல்லை; உள்ளே போகிறவர் விடாமல் பாட வேண்டும் என்று ஏற்பாடு. மெக்கானிக் நிறைய நேரம் பாடினார்.

சனிக்கிழமை முழுக்கப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. தனியாக இருக்க வந்த இடத்தில் தனியாக இருப்பதுதான் முடியாமல் போயிற்று. டிரைவரைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போய், "மாப்ள, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், "என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்க" என்று பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள்.

ஞாயிறு காலையில் படகு. தார்ப்பாய்க் கூரை போட்ட ஒரு மோட்டார் படகு. பாதிப் பேர் பெஞ்சு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பழக்கம். நகரு வழக்கம்போல "உள்ள நகருங்க" என்றார். உள்ளே நகர்ந்தால் கடல்தான் என்று அவர் மனைவி நினைவூட்டினாள். இந்த இரண்டு நாளாவது புருஷனாக இருக்கட்டும் என்று அவர் விசிலைப் பிடுங்கி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவள் அவள். போதாததற்குத் தகதகவென்று ஒரு மஞ்சள் சட்டையும் வாங்கி மாட்டிவிட்டிருந்தாள். அந்தச் சட்டையைப் பார்த்தால் வெயிலே கூசும்.

படகுக்காரருக்கு முதுகு வலி. ஏறியிருப்பது டிரைவர்கள் கூட்டம் என்று தெரிந்ததும் ஆனந்தம் வந்துவிட்டது. நம் டிரைவரைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கைக் கொடுத்தார். "நேரா மட்டும் புடிங்க. எதிர்ல யாரு வரப்போறா?"

எதிரில் யாரும் வரவில்லை. சைக்கிள் இல்லை, குடை இல்லை, ஸ்டாப் இல்லை. டிரைவர் முகம் ஒரு வருஷத்துக்கு அப்புறம் மலர்ந்தது. இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று நகரு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசித் தீவு ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் பாறைகள். குளித்து, கிளிஞ்சல் பொறுக்கி, கிளம்புகிற நேரம். படகின் மூக்கு மணலில் இருந்தது. பின்னால் எடுக்கச் சொல்லி டிரைவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு, படகுக்காரர் முன்னால் நின்று தள்ளத் தயாரானார். எல்லோரும் ஏறினார்கள். நகரு ஏறவில்லை. கடைசிப் பயணியும் ஏறிய பிறகுதான் கண்டக்டர் ஏறுவது. யாராவது பாறைக்குப் பின்னால் தங்கிவிட்டார்களா என்று பார்க்கப் போனார். போனவர், வந்ததுதான் வந்தோம் என்று ஒன்றுக்கும் இருந்தார்.

படகில் கொடுத்திருந்த மிதவைச் சட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விசில் தொங்கியது. டிரைவர் மனைவியின் விசிலில் மணல் புகுந்திருந்தது. அவள் அதை உதறிவிட்டு, மணல் போய்விட்டதா என்று ஊதிப் பார்த்தாள். ஒன்று. சரியாக வரவில்லை. இன்னொன்று.

டிரைவர் படகை எடுத்தார்.

அதில் அவர் மூளைக்கு எந்தப் பங்கும் இல்லை. காதிலிருந்து நேராகக் கைக்குப் போய்விட்டது. படகுக்காரர் தொற்றி ஏறி, படகின் மூக்கில் குப்புற விழுந்தார். மற்றவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு விசில் கேட்டால் கண்டக்டர் ஏறிவிட்டார் என்று அர்த்தம். கண்டக்டரை விட்டுவிட்டு ஒரு பஸ் கிளம்பியதாக அவர்களில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ரொட்டிப் பையைப் பிரிப்பதில் மும்முரமானார்கள்.

நகரு பாறையைச் சுற்றி வந்தபோது படகு பின்னால் போய்க்கொண்டிருந்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு ஓடினார். இடுப்பைத் தடவினார், விசில் இல்லை; விசில் தொங்கிய மிதவைச் சட்டையும் படகிலேயே கிடந்தது. கத்தினார், இன்ஜின் அதைவிட நன்றாகக் கத்தியது. மஞ்சள் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினார். படகு பின்னால் நகர்வதால் டிரைவரின் முகம் கரையைப் பார்த்துத்தான் இருந்தது. நேராக இவரையே பார்த்தது. இவர் சுழற்றினார். டிரைவர் பார்த்தார். பார்த்துவிட்டு, படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

'திங்கட்கிழமை சங்கதி தெரிஞ்சுபோச்சா? வேணும்னேதான் விட்டுட்டுப் போறானா?' என்று ஒரு நொடி எண்ணம் ஓடியது. அடுத்த நொடி உண்மை உறைத்தது. டிரைவருக்குக் கண் தெரியவில்லை. இந்தத் தூரத்தில், இந்த வெயிலில், இந்தச் சட்டையே தெரியவில்லை என்றால், அந்தக் குடையெல்லாம் எம்மாத்திரம்!

நகரு மணலில் உட்கார்ந்தார். ஒரு நண்டு அருகில் வந்து நின்றது. "நகரு" என்றார். அது நகர்ந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் முதல் தடவை சொன்னதும் கேட்ட பயணி.

படகில் நடந்ததைப் பிறகு மெக்கானிக் சொன்னார். நகருவின் மனைவி ரொட்டியை நீட்டினாளாம். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பெஞ்சுக்கு அடியில்கூடத் தேடினார்களாம். படகுக்காரர் முதுகு வலியை மறந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கித் திருப்பினார். "அதோ, எந்திரிச்சு நின்னு சட்டையச் சுத்துறாரு" என்று எல்லோரும் கை நீட்டினார்கள். டிரைவர் மட்டும், "எங்க? எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரை நெருங்க நெருங்கக் கேட்டார். நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு நிற்பதற்கு முன்பே டிரைவர் தண்ணீரில் குதித்து நடந்து வந்தார்.

"நேராத்தான் பார்த்தேன், மச்சான். கரையில யாருமே இல்ல."

"நான் நின்னேன். சட்டையச் சுத்திக்கிட்டு."

"என்ன சட்டை?"

நகரு கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். டிரைவர் அதைத் தொட்டுப் பார்த்தார். ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் வண்டிய எடுக்கமாட்டேன்."

நகருவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சட்டை இல்லாமல் நின்று அழுவது பார்க்க நன்றாக இராது.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிடுமாம்" என்றார் டிரைவர். "எனக்கும் ரொம்ப நாளாத் தெரியும். சரியாகலன்னா டிப்போ கேட்டுல ஸ்டூலப் போட்டு உக்கார வெச்சிருவாங்க. நீ வேற எவன் கூடவாவது போயிருவ."

"வேற எவன் கூடவாவது போனா நிம்மதியா டிக்கெட்டாவது குடுப்பேன்டா" என்றார் நகரு.

டிரைவர் மனைவி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?" என்று இவரைக் கேட்டாள். தெரியும் என்றார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" சொல்லியிருக்கலாம். மேனேஜர் வரைக்கும் யோசித்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை. தலை குனிந்துகொண்டார். "ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியல" என்றுவிட்டு அவள் புருஷனைக் கைபிடித்துத் தூக்கினாள்.

சொன்னபடி டிரைவர் மறுநாள் தானாகவே போய் மேனேஜரிடம் சொன்னார். டாக்டரிடம், அந்த அட்டையை எடுத்துவிடுங்கள், எனக்கு மனப்பாடம் என்றும் சொல்லிவிட்டார். புது அட்டை வந்தது. டிப்போவில் அந்த வாரமே பல பேர் மூக்கில் கண்ணாடி ஏறியது. அவர்கள் இன்னும் அவரோடு பேசுவதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர் இப்போது ஸ்டூலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில், டாக்டரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்.

இதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை படகு திரும்பும்போது ஸ்டியரிங் படகுக்காரரிடம் இருந்தது. முதுகைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. டிரைவர் பெஞ்சில் மனைவி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பயணியாக உட்கார்ந்திருந்தார். நகருவுக்குத் திடீரென்று பசித்தது. தன் பங்கு ரொட்டியைத் தின்றார், மனைவி பங்கையும் தின்றார், மெக்கானிக் வேண்டாம் என்று வைத்திருந்ததையும் தின்றார். பிறகு மனைவியின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிவிட்டார். கரைக்குக் கொஞ்சம் முன்னால் டால்பின்கள் கூட்டமாகத் துள்ளினவாம். கொடுத்த காசு அதற்கே தகும் என்று இன்றைக்கும் டிப்போவில் பேசிக்கொள்கிறார்கள். ஏற்பாடு செய்தவர் பார்க்கவில்லை. எழுப்பட்டுமா என்று மெக்கானிக் கேட்டதற்கு, "சும்மா இருங்க, இப்பத்தான் மனுஷன் தூங்குறாரு" என்று நகருவின் மனைவி தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.