கீறலும் கீறித் தரப்படும்

கார்ப் படத்தைக் கொம்பியூட்டரில சித்திரமாக்கிற தொழிலில முதல் நோகிறது முதுகு, ரெண்டாவது விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே வாய். மவுசைப் பிடிச்சுக் கூனினவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவைக்குச் சொல்லுறன்: காரின்ர போட்டோவில ஓரமெல்லாம் தடிச்ச கறுப்புக் கோடு போட்டு, நூறு நிறத்தை ஆறேழாக் குறைச்சு, சித்திரக்கதையில வாற கார்மாதிரி ஆக்கிக் குடுக்கிறது. கோடு ஒரு படை, நிறம் ஒரு படை, நிழல் ஒரு படை. பிட்டுக்குழலுக்க மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போடுறமெல்லோ, அப்பிடித்தான். என்ர பிட்டு உதிராது, அது வேற கதை.

போட்

கிளிநொச்சியில மகளின்ர ஸ்ரூடியோ வாசலில "வாகனங்கள் கீறித் தரப்படும்" எண்டு போட் வைச்சம். எங்களுக்குப் படம் வரையிறதும் கீறுறதுதான், ஆணியால இழுக்கிறதும் கீறுறதுதான். எழுதேக்க அது யோசனையில வரேல்லை. மருமகன் அப்பவே மாத்தச் சொன்னவர்தான், அவர் சொல்லுறதை ஆர் கேக்கிறது. ஒரு கிழமையா ஒருத்தரும் வரேல்லை. பிறகு விசுவமடுவில இருந்து ஒரு ஓட்டோக்காரத் தம்பி வந்தான். ஓட்டோவை றோட்டுக்கு அங்கால விட்டிட்டு நடந்துதான் வந்தான்.

"அம்மா, ஊரில எல்லாரும் கீறல் எடுத்துத் தருவினம். நீங்கள் ஒராள்தான் கீறித் தாறமெண்டு போட் போட்டிருக்கிறியள்."

மூட்டை

இரணைமடுப் பக்கத்து வயல்காரர் ஒருத்தர் தன்ர பழைய காரின்ர படம் கொண்டு வந்தவர். டிக்கியில நெல்மூட்டை, பின்பக்கம் பதிஞ்சு, முன்பக்கம் தவளைமாதிரி நிமிர்ந்து நிண்டுது. நான் ரெண்டு நாள் குந்தியிருந்து மூட்டையை அழிச்சு, காரை நேராக்கி, மணவறைக்குப் போற கார்மாதிரி மினுக்கி விட்டன். அவற்ற மனுசி வந்து கண்ணாடியைப் போட்டுப் பாத்தா, கழட்டிப் பாத்தா.

"வடிவாத்தான் இருக்கு. இது ஆற்ற கார்?"

அ

அந்த மனுசி கேட்டதைக் காதில எடுத்திருந்தால் இது நடந்திராது. முல்லைத்தீவில பள்ளிக்கூட வான் ஓடின ஜபீர் தம்பி, முழங்கால் கிளச் மிதிக்க விடுதில்லையெண்டு வானை வித்திட்டார். மகள் கம்பஸுக்குப் போறா, அவவுக்குக் குடுத்துவிட வானின்ர படம் கேட்டார். எனக்குக் கை சும்மா இராது. கதவில கிடந்த கீறலைத் துப்பரவா எடுத்து, பழைய படத்துக்கு மேலயே சேவ் பண்ணிப்போட்டன். படத்தைக் கண்ட மனுசன் கதவில அந்தக் கீறலைத் தேடினார். பிறகுதான் சொன்னார், அது மகள் நாலு வயசில ஆணியால எழுதின முதல் "அ". அண்டைக்கு அவவுக்கு அடிச்சவராம். அதுக்குப் பிறகு அந்தக் கதவுக்கு மட்டும் பெயின்ற் அடிக்கவே இல்லையாம்.

போனில இருந்த படத்தை இடம் காணாதெண்டு அழிச்சிட்டார். வானை வாங்கின வவுனியாக்காரருக்குப் போன் எடுத்தால், அவர் பெயின்ற் அடிச்சு முடிச்சிட்டார். தேத்தண்ணி போட்டுக் குடுத்தன், அதிலயும் சீனி மறந்துபோனன். கடைசியில மவுசை அவற்ற கையில குடுத்து, "தம்பி, ஒவ்வொரு நாளும் பாத்த எழுத்துத்தானே, நீரே கீறும்" எண்டன்.

ஸ்ரேறிங் பிடிச்ச கைக்கு மவுசு புதுசு. கோடு நடுங்கி, நெளிஞ்சு, நாலு வயசுப் பிள்ளை எழுதினமாதிரியே வந்துது. அப்பவும் தலையை ஆட்டினார். "இல்லையம்மா, பிள்ளை எழுதினது மற்றப் பக்கம் பாத்த அ." நான் அந்தப் படையை மட்டும் பிடிச்சு இடம் வலமாப் பிரட்டி விட்டன். அவர் திரையில விரலை வைச்சு மெல்லத் தடவினார்.

"ஓமம்மா, இப்பதான் பிழை சரியா வந்திருக்கு."

மருமகன் இப்பவும் போட்டை மாத்தச் சொல்லுறார், ஆனா அதில எழுதியிருக்கிறது ரெண்டு விதத்திலயும் உண்மையாப் போனபிறகு எதை மாத்திறது?