மூன்றாவது சத்திரத்துக் கதவு

பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் கையெழுத்துச் சரிபார்த்தவள், எதிரே நிற்கிற மனுஷனையே லேசில் நம்பியதில்லை, பிறகல்லவா பேயை நம்புவது. என் மகள் என்னை சிஐடி என்றுதான் கூப்பிடுவாள். அதனால் நான் சொல்வதை நீங்கள் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபமே வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மேலகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கோயில், தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு, சும்மா வைக்கோல் குடிலைப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இல்லாமல், வருகிறவர்களே யோசேப்பும் மரியாளுமாக நடந்து பார்க்கிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று நான்தான் போதகர் ஐயரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன். காம்பவுண்டுக்குள் ஒரு பெத்லகேம் தெரு. வாசலில் குடிமதிப்பு எழுதுகிற மேஜை, பேரும் ஊரும் சொல்லிவிட்டு உள்ளே வர வேண்டும். அப்புறம் மூன்று சத்திரம். மூன்றின் கதவையும் அவர்கள் தட்ட வேண்டும், மூன்றிலும் இடமில்லை என்று நாங்கள் விரட்ட வேண்டும், கடைசியில்தான் மாட்டுத்தொழுவம். மூன்று நாள், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு.

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆனாலும் அது மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. விரட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் முதல் கதவை நானே எடுத்துக்கொண்டேன், இரண்டாவதைக் குளோரி தலையில் கட்டினேன். குளோரி என் தம்பி மனைவி. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான், என் மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள், காய்ச்சல் என்று நான் படுத்தால் கஞ்சி கொண்டுவர இந்த ஊரில் எனக்கு அவள் ஒருத்திதான்.

"மதினி, பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு வாறவங்ககிட்ட எப்படி இல்லன்னு சொல்லுதது? ஒரு கதவுலயாவது உள்ள விடுவோமே" என்றாள்.

"அப்பம் ஏசு எங்கன பொறப்பாரு, குத்தாலத்து லாட்ஜ்லயா?" என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

மூன்றாவது கதவுக்கு யாருமே வரவில்லை. கடைசியில் ஒரு பிளைவுட் பலகையில் கதவு மாதிரி வரைந்து மதில் சுவரோடு வைத்து ஆணி அடித்தோம். தட்டுவார்கள், பதில் வராது, அதுவும் இடமில்லை என்றுதானே அர்த்தம்.

முதல் நாள் நல்ல கூட்டம். குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள்கூடக் கறுப்பு வேட்டியும் மாலையுமாக வந்து தட்டினார்கள். என் கதவு வாசலை ஒட்டி இருந்ததால் போகிறவர்களும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களில் ஒருவர், வாசுதேவநல்லூர்க்காரர், என்னிடம் நின்றார். "எல்லாரும் வெரட்டுதிய, அந்த மூணாவது வீட்டம்மா மட்டும் இடம் இருக்கு, உள்ள வாங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஏன் கதவத் தொறக்கல?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எவரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் பல பேர் அதையே சொன்னார்கள், பொம்பிளைக் குரல், தன்மையாகக் கூப்பிட்டது என்று. ஸ்பீக்கர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பலகையைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், நடவு முடிந்த வயல், முழங்கால் சேறு, ஒரு காலடித் தடம் கிடையாது. அதற்கு மேல் என் புத்தி வேறு எங்கே போகும், குளோரியிடம்தான் போனது. அவள் நிற்கிற இடத்துக்கும் அந்தப் பலகைக்கும் நடுவே ஒரு துணி மறைப்புதான். இஷ்டமில்லாமல் வந்தவள், தன் கதவில் இல்லை என்று முனகிவிட்டு மறைப்பு வழியாகக் குரல் கொடுக்கிறாள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

போதகர் ஐயரும் பாட்டுக்குழுவும் சுற்றி நிற்கும்போதே கேட்டேன். "ஏட்டி குளோரி, இஷ்டமில்லன்னா வராம இருந்திருக்கலாம்லா. இப்படித் திருட்டுத்தனம் பண்ணி என்னக் கேவலப்படுத்தணுமா?"

அவள் முதலில் சிரித்தாள், நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு முகம் மாறியது. "நான் ஒண்ணும் சொல்லல மதினி. என்னய நம்ப மாட்டியளா?"

"நம்பாமதான கேக்கேன்" என்றேன்.

தலையில் போட்டிருந்த வேஷத் துணியை எடுத்து, மடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வீசியெறிந்திருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அவள் இடத்தில் பாட்டுக்குழுப் பெண் ஒருத்தியை நிறுத்தினேன். நம்பினால் நம்புங்கள், அன்றைக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாம்மா" என்றாள். குளோரி அந்த நேரம் தன் வீட்டில்தான் படுத்துக் கிடந்தாள், அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு நானே விசாரித்தேன். சொல்லவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் விசாரித்தேன். அப்போதே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், நிகழ்ச்சி முடியட்டும் என்று வறட்டு வீம்பு பிடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணி, நல்ல வெயில். கோயிலைப் பெருக்கிப் பூட்டுகிற சாலமோன் அண்ணாச்சியும் நானும் மட்டும் தெருவைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் ஆணி பிடுங்கச் சுத்தியலோடு மூன்றாவது கதவுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது, மூன்று நாளும் ஊரையே தட்ட வைத்தவள் நான் ஒரு தரம்கூடத் தட்டவில்லை. அவரை நிறுத்திவிட்டு இரண்டு தட்டு தட்டினேன்.

"இடமில்லம்மா."

பொம்பிளைக் குரல்தான். குளோரியின் குரல் இல்லை, எனக்குத் தெரிந்த யாருடைய குரலும் இல்லை. அதில் கோபம் கிடையாது, சொல்ல வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "யாரு தாயி அது?" என்றார். ஆகவே என் காதில் கோளாறு இல்லை. பலகையைக் கழற்றினோம். பின்னால் சுவர், மழை ஈரம், பாசி, வேறு ஒன்றும் இல்லை.

நேரே குளோரி வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், உள்ளேயிருந்து என்ன பதில் வருமோ என்று தட்டாமலே இறக்கிவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, குடத்தோடு அவளே வெளியே வந்தாள். "வெயில்ல எதுக்கு நிக்கிய மதினி, உள்ள வாங்க" என்றாள். தப்புப் பண்ணிட்டேன் தாயி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எனக்கே சந்தேகமில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. சமாதானமாகி ஒரு மாசம் கழித்து, ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, பலகை இருந்த இடத்தில் வெறும் சுவரைத் தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் தட்டினேன். இப்போதும் வாராவாரம் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இடம் இருக்கிறது என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.